எஜமானருக்கு நஷ்ட ஈடு!

2018 பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, பிரிட்டிஷ் அரசின் நிதித் துறை ட்விட்டரில் ஒரு 'சுவையான தகவல்' வெளியிட்டது. அடிமை முறையை ஒழித்ததில், வரி கட்டும் பிரிட்டன் மக்கள் லட்சக்கணக்கான பேருக்குப் பங்கு உண்டு என்பது அதன் சாரம். 1833-ல் அடிமைகளுக்கு விடுதலை வாங்கித் தர அரசு 2 கோடி பவுண்டு செலவழித்ததாம். அன்றைய அரசின் ஒரு வருஷச் செலவில் அது 40 சதவிகிதம். அதற்காக வாங்கிய கடன் ரொம்பப் பெரியது என்பதால், அடைத்து முடிக்க 2015 வரை ஆகிவிட்டதாம். படிக்கிறவர்கள் 'அட, நாமுமா!' என்று மார்தட்டிக்கொள்ளட்டும் என்று போட்ட தகவல்.

தட்டிக்கொள்ளவில்லை. திட்டினார்கள். நாலா பக்கமிருந்தும் விழுந்த திட்டில் அந்தப் பதிவு சத்தமில்லாமல் காணாமல் போனது.

ஏன் திட்ட வேண்டும்? நல்ல காரியம்தானே? இங்கேதான் ஒரு சின்னக் கேள்வி. அந்த 2 கோடி பவுண்டு யார் கைக்குப் போனது?

'அடிமைகளுக்கு' என்று நீங்கள் பதில் சொன்னால், உங்களுக்கு நல்ல மனசு. ஆனால், பதில் தப்பு. ஒரு அடிமைக்கும் ஒரு பென்னி கூடக் கிடைக்கவில்லை. மொத்தப் பணமும் அடிமைகளை வைத்திருந்த எஜமானர்களுக்குப் போனது. 'ஐயா, உங்கள் சொத்தைப் பறித்துக்கொள்கிறோம். வருத்தப்படாதீர்கள், இந்தாருங்கள் நஷ்ட ஈடு!' என்று அரசாங்கமே கணக்குப் போட்டுக் கொடுத்தது.

இன்னொன்றையும் சேர்த்து யோசியுங்கள். 1948-க்குப் பிறகு ஜமைக்கா, பார்படோஸ், கயானா என்று கரீபியன் நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் பிழைப்புக்காக பிரிட்டன் போனார்கள். பஸ் ஓட்டினார்கள், ஆஸ்பத்திரிகளில் நர்ஸ் வேலை பார்த்தார்கள், ஒழுங்காக வரி கட்டினார்கள். அவர்களுடைய பாட்டனுக்குப் பாட்டன்தான் கரும்புத் தோட்டத்தில் சவுக்கடி வாங்கிய அடிமை. அந்தப் பாட்டனை வைத்திருந்தவனுக்குக் கொடுத்த நஷ்ட ஈட்டுக் கடனை, 2015 வரை இந்தப் பேரப்பிள்ளைகளின் வரிப் பணமும் சேர்ந்து அடைத்திருக்கிறது. திட்டாமல் என்ன செய்வார்கள்?

அடிமை முறையின் வரலாறு என்றதும் நமக்குச் சங்கிலி, சவுக்கு, கப்பல் எல்லாம் ஞாபகம் வரும். கடைசி அத்தியாயத்தில் ஒரு நல்ல மனிதர் வந்து சங்கிலியை வெட்டுவார். சுபம்! பள்ளிக்கூடப் புத்தகம் அங்கேயே முடிந்துவிடும். ஆனால், சங்கிலியை வெட்டிய மறுநாள் கணக்குப் புத்தகத்தில் என்ன எழுதினார்கள் என்று பார்த்தால்தான் உண்மை தெரியும். மனித சமூகம் அடிமை முறையை ஒழித்த இடங்களில் பெரும்பாலும் நடந்தது இதுதான்: எஜமானனுக்குக் கொடுக்க வேண்டியதை வட்டியோடு கொடுத்தார்கள், அடிமைக்குக் கொடுக்க வேண்டியது ஒன்று இருக்கிறது என்பதையே கணக்கில் எழுதவில்லை.

இது நேற்று வந்த புத்தி இல்லை. கிட்டத்தட்ட 3,700 வருஷங்களுக்கு முன்னால் பாபிலோனில் ஹமுராபி மன்னர் கல்லில் செதுக்கி வைத்த சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொருவருடைய அடிமையின் கண்ணைக் குருடாக்கினால், அந்த அடிமையின் விலையில் பாதியைக் கொடுக்க வேண்டும். கண் போனது அடிமைக்கு, காசு எஜமானனுக்கு! பழைய ஏற்பாட்டின் யாத்திராகமத்தில், மாடு முட்டி ஓர் அடிமை செத்தால் எஜமானனுக்கு 30 சேக்கல் வெள்ளி தர வேண்டும் என்று இருக்கிறது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டு ரோமானியச் சட்டம் ஒன்று, அடுத்தவனுடைய அடிமையையோ மாட்டையோ அநியாயமாகக் கொன்றால், முந்தைய ஒரு வருஷத்தில் அதற்கு இருந்த உச்ச விலையைச் சொந்தக்காரனுக்குக் கொடுக்கச் சொல்கிறது. அடிமையும் மாடும் ஒரே விதியில்!

பாபிலோன், யூதேயா, ரோம்... தேசம் வேறு, தெய்வம் வேறு, மொழி வேறு. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எல்லோருக்கும் ஒரே கருத்து. அடிமைக்கு அடிபட்டால் வலிப்பது எஜமானனின் பைக்கு!

இதே கணக்கு அட்லாண்டிக் கடலில் எந்த அளவுக்குப் போனது தெரியுமா? சுமார் 350 வருஷங்களில் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேற்றப்பட்டவர்கள் சுமார் 1 கோடியே 25 லட்சம் பேர் என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். உயிரோடு கரை இறங்கியவர்கள் சுமார் 1 கோடியே 7 லட்சம். மிச்சம் 18 லட்சம் பேர் கடலோடு போனார்கள். 1781-ல் 'ஸாங்' என்ற பிரிட்டிஷ் கப்பலின் மாலுமிகள் 130 பேருக்கு மேல் உயிரோடு கடலில் தூக்கிப் போட்டார்கள். குடிதண்ணீர் பற்றவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். ஊர் திரும்பியதும் கப்பலின் சொந்தக்காரர்கள் செய்த முதல் காரியம், இன்ஷூரன்ஸ் கேட்டது. தலைக்கு 30 பவுண்டு! 1783-ல் வழக்கு லண்டன் நீதிமன்றத்துக்கு வந்தது. கொலை வழக்கு என்று நினைத்துவிடாதீர்கள். இன்ஷூரன்ஸ் வழக்கு. ஜூரிகள் முதலில் கப்பல்காரர்கள் பக்கமே தீர்ப்புச் சொன்னார்கள். பிறகு மறு விசாரணைக்கு உத்தரவானது. கொலைக் குற்றத்துக்காகக் கடைசி வரை ஒருவரும் கூண்டில் ஏறவில்லை.

சரி, 1833-க்கு வருவோம். 'நல்ல மனிதர் வந்து சங்கிலியை வெட்டினார்' கதைக்கு முன்னால் நடந்த இரண்டு சம்பவங்களைச் சொல்ல வேண்டும்.

முதலாவது, இன்றைய கயானாவில் இருக்கும் டெமராரா. 1823 ஆகஸ்டில் சுமார் 10,000 அடிமைகள் அங்கே கிளர்ந்தெழுந்தார்கள். கிளர்ச்சி தொடங்கிய தோட்டங்களில் முக்கியமானதன் பெயர் 'சக்சஸ்'. அதன் சொந்தக்காரர் ஜான் கிளாட்ஸ்டன் என்ற லிவர்பூல் வியாபாரி, பிற்காலத்தில் நான்கு முறை பிரிட்டிஷ் பிரதமராக இருந்த கிளாட்ஸ்டனின் அப்பா. அவர் அந்தத் தோட்டத்தை ஒருநாளும் நேரில் போய்ப் பார்த்ததில்லை. கிளர்ச்சிக்கு முன்நின்றவர்கள் குவாமினா என்ற தச்சரும் அவர் மகன் ஜாக்கும். எஜமானின் பெயரையே சேர்த்து ஜாக் கிளாட்ஸ்டன்! கிளர்ச்சிக்காரர்கள் வெள்ளைக்காரர்களைப் பிடித்து அடைத்து வைத்தார்களே தவிர, வெட்டிச் சாய்க்கவில்லை. பதிலுக்குப் படை வந்தது. நூற்றுக்கணக்கான அடிமைகள் கொல்லப்பட்டார்கள். குவாமினாவைச் சுட்டுக் கொன்று, உடலைச் சங்கிலியில் கட்டி, அந்தத் தோட்டத்திலேயே தொங்கவிட்டார்கள். ஜாக் நாடு கடத்தப்பட்டார்.

இரண்டாவது, ஜமைக்கா. 1831 கிறிஸ்துமஸ். சாம் ஷார்ப் என்ற அடிமை, தேவாலயத்தில் போதகம் செய்கிறவர், ஒரு திட்டம் சொன்னார். பண்டிகை முடிந்ததும் வேலைக்குப் போகக் கூடாது. கூலி கொடுத்தால்தான் வேலை. இன்றைக்கு எந்தத் தொழிற்சங்கமும் செய்கிற வேலை நிறுத்தம்தான். அது பெரும் கிளர்ச்சியாக வெடித்து, 60,000 பேர் வரை சேர்ந்தார்கள். அடக்கி முடித்த பிறகு 300 பேருக்கு மேல் மரண தண்டனை. 1832 மே மாதம் ஷார்ப்பைத் தூக்கில் போட்டார்கள். போட்டுவிட்டு, 'சொத்து' போய்விட்டதே என்று அவருடைய எஜமானருக்கு 16 பவுண்டு 10 ஷில்லிங் நஷ்ட ஈடு கொடுத்தார்கள்.

கூலி கேட்டவனுக்குக் கயிறு. கயிற்றில் தொங்கியவனின் சொந்தக்காரனுக்குக் காசு!

இனியும் அடிமைகளைக் கட்டி வைக்க முடியாது என்பது லண்டனுக்குப் புரிந்தது. அடுத்த வருஷமே, 1833 ஆகஸ்டில், அடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. 1834 ஆகஸ்ட் 1 முதல் அமல். சுமார் 8 லட்சம் பேருக்கு விடுதலை. பிரிட்டனில் அடிமை முறைக்கு எதிராக ஊர் ஊராகக் கூட்டம் போட்டுக் கையெழுத்து வாங்கிய சாதாரண மக்களின் உழைப்பு இதில் உண்டு. அதை மறுக்கவில்லை. ஆனால், கதவைத் தட்டியவர்கள் தட்டினார்கள்; உடைத்தவர்கள் குவாமினாவும் ஷார்ப்பும்தான்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 2 கோடி பவுண்டில் ஒன்றரைக் கோடியை 1835-ல் ராத்ஸ்சைல்டு, மான்ட்டிஃபியோரி என்ற பணமுதலைகளிடம் அரசு கடன் வாங்கியது. அடிமைகளைத் தரம் பிரித்து விலை போட்டார்கள். மேஸ்திரி ஒரு விலை, தச்சன் கொல்லன் ஒரு விலை, வயல்காட்டு ஆள் ஒரு விலை, வீட்டு வேலையாள் ஒரு விலை, கிழவன் கிழவி ஒரு விலை. ஆறு வயசுக்குட்பட்ட குழந்தைக்கும் விலை உண்டு. ஊருக்கு ஊர் ரேட் வேறு. ஜமைக்காவில் ஆளுக்குச் சராசரியாக 20 பவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு. பிரிட்டிஷ் கயானாவில் 50 பவுண்டுக்கு மேல்.

'நான் அடிமை வைத்திருந்தேன், எனக்குப் பணம் கொடு' என்று சுமார் 46,000 பேர் மனு போட்டார்கள். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆராய்ச்சியாளர்கள் அந்த ரசீதுகளையெல்லாம் தோண்டியெடுத்துப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். பிரபுக்கள், எம்.பி.க்கள் மட்டுமல்ல, நாலைந்து அடிமைகளை வைத்து வாடகைக்கு விட்டுப் பிழைத்த விதவைகளும் அதில் உண்டு. சுவிசேஷம் பரப்புவதற்காகவே தொடங்கப்பட்ட ஒரு ஆங்கிலிக்கன் சபைக்கு பார்படோஸில் கரும்புத் தோட்டம் இருந்தது. ஒரு காலத்தில் அங்கே அடிமைகளின் நெஞ்சில் 'சொசைட்டி' என்ற சொல்லைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் பொறித்திருந்தார்கள். 411 அடிமைகளுக்கு அந்தச் சபை வாங்கிய பணம் 8,823 பவுண்டு. மிஸ்டர் ஜான் கிளாட்ஸ்டன் 2,508 அடிமைகளுக்குச் சுமார் 1,06,000 பவுண்டு வாங்கினார். குவாமினாவின் உடல் தொங்கிய அதே தோட்டத்துக்காரர்!

இவ்வளவு வாங்கிக்கொண்டாவது உடனே விட்டார்களா? இல்லை. 'அப்ரன்டிஸ்' என்று ஒரு பெயர் வைத்தார்கள். சுதந்திரமாக இருப்பது எப்படி என்று அடிமைகள் பழக வேண்டுமாம்! வயல்காட்டு ஆட்கள் ஆறு வருஷம், மற்றவர்கள் நாலு வருஷம், அதே எஜமானுக்கு வாரத்தில் 45 மணி நேரம் வரை சம்பளமில்லாமல் உழைக்க வேண்டும். எதிர்ப்பு வலுத்து, 1838 ஆகஸ்டில் முன்கூட்டியே அதை முடித்தார்கள். ஆக, எஜமானனுக்கு நஷ்ட ஈடு இரண்டு தவணை. ஒன்று அரசாங்கம் கொடுத்த ரொக்கம். இன்னொன்று அடிமையே கொடுத்த உழைப்பு.

கிளாட்ஸ்டன் கெட்டிக்காரர். அப்ரன்டிஸ் காலம் முடிந்தால் கரும்பு வெட்ட யார் வருவார்கள் என்று 1836-லேயே யோசித்தார். கல்கத்தாவிலிருந்த ஒரு கம்பெனிக்குக் கடிதம் எழுதினார், இந்தியாவிலிருந்து ஆள் அனுப்ப முடியுமா என்று. 1838 மே மாதம் 'விட்பி', 'ஹெஸ்பரஸ்' என்ற இரண்டு கப்பல்களில் சுமார் 400 இந்தியர்கள் கயானாவில் இறங்கினார்கள். ஆகஸ்டில் அடிமைக்கு விடுதலை, மே மாதமே மாற்று ஆள் ரெடி! அவர்கள் சவுக்கடி பட்ட விவரம் வெளியே வந்து நாறியதும், ஆள் அனுப்புவதைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தார்கள். பிறகு மறுபடி தொடங்கினார்கள். மொரீஷியஸ், டிரினிடாட், நேட்டால், ஃபிஜி என்று 1917 வரை 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். 1860 நவம்பரில் டர்பனில் இறங்கிய முதல் கப்பல் சென்னையிலிருந்து கிளம்பியதுதான்.

ஒப்பந்தக் கூலியும் அடிமையும் ஒன்றல்ல. கூலிக்குச் சம்பளம் உண்டு, அஞ்சு வருஷம் என்று கெடு உண்டு, அவன் பிள்ளை பிறக்கும்போதே விலைக்குப் போகாது. ஆனால், விடுதலையானவன் 'நியாயமான கூலி கொடு' என்று பேரம் பேச ஆரம்பித்த நேரத்தில், அந்தப் பேரத்தை உடைக்கத்தான் நம் ஆட்களைக் கப்பலேற்றினார்கள். டச்சுக்காரர்களும் இதையேதான் செய்தார்கள். 1863-ல் சூரினாமில் அடிமை முறையை ஒழித்தார்கள். எஜமானனுக்கு ஆளுக்கு 300 கில்டர். அடிமைக்கோ, அரசு கண்காணிப்பில் இன்னும் பத்து வருஷம் கட்டாய வேலை. அந்தப் பத்து வருஷம் முடிந்த 1873-ல் முதல் இந்தியக் கப்பல் சூரினாமில் போய் நின்றது. டைம் டேபிள் போட்ட மாதிரி!

இதையெல்லாம் மிஞ்சிய அநியாயம் ஒன்று உண்டு. ஹைட்டி.

அது பிரான்ஸின் பிடியில் இருந்தபோது, ஐரோப்பா குடித்த காபியில் பாதிக்கு மேல் அங்கேதான் விளைந்தது. விளைவித்தவர்கள் சுமார் 5 லட்சம் அடிமைகள். 1791-ல் கிளம்பினார்கள். நெப்போலியன் அனுப்பிய படையையே தோற்கடித்தார்கள். 1804 ஜனவரி 1-ல் தனி நாடு. யாரும் கொடுத்த விடுதலை இல்லை, தாங்களே அடித்து வாங்கியது. 21 வருஷம் கழித்து, 1825-ல், பிரெஞ்சு மன்னர் பத்தாம் சார்லஸ் 14 போர்க் கப்பல்களை அனுப்பினார். 'உங்களைத் தனி நாடாக ஒப்புக்கொள்கிறோம். ஆனால், எங்கள் ஆட்களுக்கு அங்கே தோட்டம் துரவு போச்சு. அதற்கு 15 கோடி ஃபிராங்க் எடுத்து வையுங்கள்!'

பீரங்கி முனையில் கையெழுத்தானது. முதல் தவணைக்கே காசில்லாத ஹைட்டியை பிரெஞ்சு வங்கியிடமே கடன் வாங்க வைத்தார்கள். 3 கோடி ஃபிராங்க் கடனில் 60 லட்சத்தைக் கமிஷனாகப் பிடித்துக்கொண்டுதான் வங்கி கொடுத்தது. நம்ம ஊர் கந்துவட்டிக்காரன் கெட்டான்! பிறகு மொத்தத் தொகையை 9 கோடியாகக் குறைத்தார்கள். ஆனாலும், கடனுக்குக் கடன், அதற்கு வட்டி என்று 1947 வரை இழுத்தது. பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போக வேண்டிய பணம், பாரீஸுக்கும் பிறகு நியூயார்க்குக்கும் போனது. தன்னை அடிமையாக வைத்திருந்தவனுக்கு, தன்னைத் தானே விடுவித்துக்கொண்ட குற்றத்துக்காக, ஒரு தேசமே மூணு தலைமுறைக்கு மேல் அபராதம் கட்டியது. 'ஹைட்டி ஏன் ஏழை நாடாகவே இருக்கிறது? சோம்பேறிகள்!' என்று யாராவது சொன்னால், இந்த ரசீதை எடுத்துக் காட்டுங்கள்.

இதற்குச் சிலர் வழக்கமாகச் சொல்லும் சமாதானங்கள் உண்டு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் சமாதானம்: 'அந்தக் கால நியாயம் வேறு. இன்றைய தராசில் நிறுக்காதே.' யாருடைய நியாயம் சார்? அந்தக் காலத்தில் எஜமானர்கள் மட்டும்தான் வாழ்ந்தார்களா? சாம் ஷார்ப்பும் அந்தக் காலத்து ஆள்தான். கூலி கொடு என்று அவர் கேட்டது 1831-ல். பிரிட்டனில் அடிமை ஒழிப்புக்காகப் போராடியவர்களிலேயே பலர், 'திருடியவனுக்கு நஷ்ட ஈடா?' என்று அப்போதே எதிர்த்தார்கள். தராசு அன்றைக்கும் இருந்தது. அதில் யாரை ஏற்றினார்கள் என்பதுதான் விஷயம்.

இரண்டாவது: 'எல்லா சமூகத்திலும் அடிமைகள் இருந்தார்கள். அரேபியர்கள் வாங்கினார்கள், ஆப்பிரிக்க மன்னர்களே பிடித்து விற்றார்கள். வெள்ளைக்காரனை மட்டும் ஏன் திட்டுகிறாய்?' நியாயம்தான். திட்ட வேண்டியதில்லை. எல்லோரும் கணக்கைத் தீர்க்கட்டும்! பத்துப் பேர் கடன் வாங்கியிருந்தால், பத்துப் பேரும் கட்ட வேண்டும் என்றுதானே அர்த்தம்? ஒருத்தருமே கட்ட வேண்டாம் என்றா அர்த்தம்?

மூன்றாவது, கொஞ்சம் கனமானது: 'நஷ்ட ஈடு கொடுக்காவிட்டால் சட்டமே நிறைவேறியிருக்காது. நாடாளுமன்றம் முழுக்கத் தோட்ட முதலாளிகளின் செல்வாக்கு. அமெரிக்காவைப் பார், அங்கே யுத்தம் நடந்து 6 லட்சம் பேருக்கு மேல் செத்தார்கள்.' ஒப்புக்கொள்கிறேன். கொள்ளைக்காரனிடம் பணயக் கைதி மாட்டியிருந்தால், பணம் கொடுத்துத்தான் மீட்க வேண்டியிருக்கும். கொடுத்தது தப்பு என்று சொல்லவில்லை. ஆனால், மீட்ட பிறகு அந்தக் கைதியைத் தெருவில் விட்டுவிட்டு, கொள்ளைக்காரனுக்குப் பணம் கொடுத்ததையே தர்மம் என்று கல்வெட்டு வைப்பதா? 2 கோடி தேடத் தெரிந்தவர்களுக்கு, ஆளுக்கு ஒரு துண்டு நிலம் தேடத் தெரியாதா?

நான்காவது: 'எல்லாம் செத்துப் போனவர்கள் கதை. யார், யாருக்குக் கொடுப்பது? விட்டுத் தள்ளுங்கள்.' இதற்குத்தான் அந்த நிதித் துறை ட்வீட் கை கொடுக்கிறது. எஜமானர்களும் செத்து எலும்பு மக்கிப் போனவர்கள்தான். கடன் கொடுத்த ராத்ஸ்சைல்டும் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆனால், அந்தக் கடன் சாகவில்லையே! பத்திரம் பத்திரமாகக் கைமாறி 180 வருஷம் உயிரோடு இருந்தது. கடைசி பைசா வரை அரசாங்கம் கட்டியது. எஜமானனுக்குப் பட்ட கடன் 180 வருஷம் செல்லும், அடிமைக்குப் பட்ட கடன் மட்டும் செத்தவன் கணக்கா?

கடன் அடைந்த அதே 2015-ல் பிரிட்டிஷ் பிரதமர் டேவிட் கேமரூன் ஜமைக்கா போனார். அவருடைய தூரத்து உறவுக்கார முன்னோர் ஒருவரும் 202 அடிமைகளுக்கு நஷ்ட ஈடு வாங்கியவர்தான். 'எங்களுக்கு இழப்பீடு உண்டா?' என்று அங்கே கேட்டார்கள். பழைய வேதனையை விட்டு முன்னே நகர்வோம் என்கிற பாணியில் அந்த நாட்டு நாடாளுமன்றத்தில் பேசிவிட்டு, புதிதாக ஒரு சிறைச்சாலை கட்ட இரண்டரைக் கோடி பவுண்டு தருகிறோம் என்றார். நிலம் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, ஜெயில்! ஜமைக்கா பிறகு அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

இதற்குள், 'வெள்ளைக்காரனை நன்றாகக் கேட்டீர்கள்!' என்று கைதட்டக் கிளம்பியிருந்தால், கொஞ்சம் பொறுங்கள். 1833 சட்டத்தில் இன்னொரு வரியும் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் பிடியிலிருந்த பகுதிகளுக்கு இது பொருந்தாது! அதாவது, நமக்குப் பொருந்தாது. நம்மிடம் அடிமைகள் இருந்தார்களா என்று அப்பாவியாகக் கேட்காதீர்கள். சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளிலேயே, பஞ்சம் தாங்காமல் தங்களை விற்றுக்கொண்டவர்கள் பதிவாகியிருக்கிறார்கள். காவிரிக் கரையிலும் செங்கல்பட்டிலும் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்ட, அடமானம் வைக்கப்பட்ட பள்ளர்களும் பறையர்களும் யார்?

1843-ல் இந்தியாவுக்கு ஐந்தாம் எண் சட்டம் வந்தது. அடிமை மீதான உரிமையை எந்த நீதிமன்றமும் ஏற்காது என்றது. விசேஷம் என்னவென்றால், இங்கே எஜமானர்களுக்கு நஷ்ட ஈடு கொடுக்கவில்லை. அவர்களும் பெரிதாகக் கூச்சல் போடவில்லை. ஏன் என்று யோசித்தீர்களா? அவர்களுக்கு நஷ்டமே இல்லை! நிலம் அவர்களிடமே இருந்தது. குடிசை இருந்த இடமும் அவர்களுடையது. நேற்று வரை 'அடிமை'. இன்று முதல் கல்யாணத்துக்கு வாங்கிய கடனுக்குக் கட்டுப்பட்ட 'படியாள்'. பெயர்தான் மாறியது, ஏர் பிடித்த கை மாறவில்லை.

அரை நூற்றாண்டு கழித்து, செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் ஊர் ஊராகப் போய்ப் பார்த்து, 1891-ல் ஓர் அறிக்கை கொடுத்தார். இவர்களுக்குச் சொந்த நிலம் இல்லாமல் விமோசனம் இல்லை என்றார். 1892-ல் அரசாணை வந்தது. அதன்படி சென்னை மாகாணத்தில் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு ஒதுக்கப்பட்டது சுமார் 12 லட்சம் ஏக்கர். அதுதான் பஞ்சமி நிலம். பத்து வருஷத்துக்கு விற்கவே கூடாது, அதற்குப் பிறகும் அந்த மக்களுக்குள்ளேதான் கைமாறலாம், மீறி வாங்கினால் செல்லாது என்பது நிபந்தனை. நஷ்ட ஈடு என்ற பெயரில் கொடுக்கவில்லைதான். ஆனாலும், விடுதலையானவன் கைக்கு நிலம் போக வேண்டும் என்று ஓர் அரசாங்கம் எழுதி வைத்த அபூர்வமான காகிதம் அது.

அமெரிக்காவிலும் அப்படி ஒரு காகிதம் இருந்தது. 1865 ஜனவரியில் ஜெனரல் ஷெர்மன், விடுதலையான கறுப்பின மக்களுக்குக் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை நிலம் என்று உத்தரவு போட்டார். சுமார் 40,000 பேர் குடியேறி விதைக்கவும் ஆரம்பித்தார்கள். அதே வருஷம் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் அதை ரத்து செய்து, நிலத்தைப் பழைய பண்ணையார்களிடமே திருப்பிக் கொடுத்தார். அமெரிக்காவில் பகிரங்கமாக உத்தரவு போட்டுப் பிடுங்கினார்கள். நாம் கெட்டிக்காரர்கள். எந்த உத்தரவையும் ரத்து செய்யவில்லை. பத்திரத்தை மட்டும் மாற்றினோம். கடனுக்கு எழுதி வாங்கி, மிரட்டி வாங்கி, ரிஜிஸ்தர் ஆபீஸில் கண்ணை மூடிக்கொண்டு முத்திரை குத்தி, பஞ்சமி நிலத்தில் பெரும்பகுதியை மற்றவர்கள் கைக்கு மாற்றிவிட்டோம். 1994 அக்டோபரில் செங்கல்பட்டுப் பக்கம் காரணை நிலத்தைத் திருப்பிக் கேட்டுப் போராடியவர்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. இரண்டு பேர் செத்தார்கள். டெமராராவில் 1823, செங்கல்பட்டில் 1994. எந்த மேடையிலும் வெள்ளைக்காரனின் கொடுமையைப் பேசுகிற நாம், இந்த இரண்டாவது வருஷத்தை எத்தனை தடவை பேசியிருக்கிறோம்?

நில ஆவணங்கள் தொலைந்து போய்விடவில்லை. 1892 ஆணைப்படி எந்த ஊரில் எந்த சர்வே நம்பர் என்பது பழைய பதிவேடுகளில் இருக்கிறது. அதை மீட்கப் போகிறோம் என்று அரசுகள் கமிட்டி போட்டதும் உண்டு. வேண்டியது இனியொரு கமிட்டி இல்லை. ஊர்வாரியாக, சர்வே நம்பரோடு, இன்று யார் பெயரில் இருக்கிறது என்ற விவரத்தோடு ஒரு பட்டியல். ஒவ்வொரு தாலுகா ஆபீஸ் வாசலிலும் ஒட்டுங்கள். அந்த நிலத்தில் கட்டடம் வைத்திருப்பவர் எந்தக் கட்சிக்காரராக, எந்தக் கம்பெனிக்காரராக இருந்தாலும் சரி.

அப்படியே இன்னொன்றும். 1976-ல் நாம் ஒரு நல்ல சட்டம் போட்டோம், கொத்தடிமை ஒழிப்புச் சட்டம். எஜமானனுக்குப் பைசா கிடையாது, கொத்தடிமையின் கடன் அன்றோடு தீர்ந்தது என்கிற சட்டம். மீட்கப்பட்டவருக்கு ஆளுக்கு 1 லட்சம் முதல் 3 லட்சம் ரூபாய் வரை மறுவாழ்வுத் தொகை என்று 2016 திட்டம் சொல்கிறது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு அன்றைக்கு வராத புத்தி, நம் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. பெருமைப்படலாம். ஆனால், அந்த முழுத் தொகை முதலாளிக்குத் தண்டனை கிடைப்பதோடு முடிச்சுப் போடப்பட்டது. தண்டனை கிடைக்க எத்தனை வருஷம் ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அதுவரை கையில் கிடைப்பது ஆரம்ப உதவித் தொகை மட்டும்தான். செங்கல் சூளையிலிருந்தும் அரிசி ஆலையிலிருந்தும் மீட்கப்பட்ட இருளர் குடும்பம் அதை வைத்து எத்தனை மாதம் ஓட்டும்? அதற்குப் பிறகு எங்கே போய் அட்வான்ஸ் வாங்கும்? மறுபடியும் சூளைக்குத்தான்.

1835-ல் ஜான் கிளாட்ஸ்டன் தன் பணத்தை வாங்க எந்தக் கோர்ட்டு தீர்ப்புக்கும் வருஷக்கணக்கில் காத்திருக்கவில்லை. மனு போட்டார், கணக்குப் பார்த்தார்கள், கொடுத்தார்கள். அந்தச் சுறுசுறுப்பில் பாதி, ஒரு இருளர் பெண்ணின் ரெண்டு லட்ச ரூபாய்க்கு இருந்தால் போதும். விடுதலைச் சான்றிதழில் கையெழுத்துப் போடுகிற அதே நாளில், பணத்தையும் அவர் கையில் கொடுங்கள். அதற்கு 180 வருஷம் தேவையில்லை.